அத்தியாயம் 7: ஊருக்குத் திரும்பிய டீம்

திருவண்ணாமலை சென்னையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து 200க்குச் சற்று மேல். எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் ஊர் வந்துவிடும். செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் என்று சுற்றுவட்டாரத்தில் படித்து முடித்த பிள்ளைகள் இரண்டு ஐ.டி. நகரங்களிலும் வேலை பார்ப்பதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. முந்திக்கொண்டவர்கள் அதற்குள் ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். மற்றவர்கள் இ-பாஸுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து, பி.ஜி. அறையைக் காலி செய்து, லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆறு மாதத்துக்குள் பல டீம்களில் பாதிப் பேர் இப்படி ஏதோ ஒரு சொந்த ஊரில் இருந்தார்கள்.

அந்த டீமை நடத்த வேண்டிய டீம் லீடுக்கும் மேனேஜருக்கும் எழுதப்படுவது இந்த அத்தியாயம். கொரோனாக் காலத்தில் திருவண்ணாமலையிலும் அதைச் சுற்றியும் வேலை பார்த்தவர்களின் அனுபவத்திலிருந்துதான் இதில் உள்ள பெரும்பாலானவை வருகின்றன. அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும் அன்று யோசிக்க நேரம் இருக்காது என்பதால் இப்போதே படித்து வையுங்கள்.

நம் நிறுவனங்களிடம் பேரிடர்த் திட்டம் இல்லாமல் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை அலுவலகங்கள் மூடியபோது ஊழியர்களைப் பெங்களூர் போன்ற ஊர்களுக்கு அனுப்பி வேலையை ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு வர்தா புயல். 2019 ஜூனில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது பழைய மகாபலிபுரம் சாலையில் பல நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டன. இந்த அனுபவங்களிலிருந்து எழுதப்பட்ட திட்டங்கள் எல்லாவற்றிலும் ஓர் அனுமானம் இருந்தது: ஓர் ஊர் முடங்கினால் இன்னோர் ஊர் இயங்கும். பெருந்தொற்று எல்லா ஊரையும் ஒரே நாளில் மூடியது. மாற்று அலுவலகம் என்று மிஞ்சியது ஊழியரின் வீடு மட்டும்தான். அந்த வீட்டைப் பற்றி நிறுவனத்திடம் முகவரியைத் தவிர வேறு எந்தத் தகவலும் இல்லை.

இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்துவது இதைத்தான். டீம் வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வீட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். மீட்டிங் நேரம், வேலைப் பங்கீடு, டெலிவரித் தேதி எல்லாம் அதற்குப் பிறகு.

வீட்டுக் கணக்கு

ஃபார்ம் அனுப்பி நிரப்பச் சொல்லாதீர்கள். ஃபார்மில் எல்லோரும் “எல்லா வசதியும் உள்ளது” என்றுதான் எழுதுவார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் ஊரெங்கும் பரவியிருக்கும் நேரத்தில் என் வீட்டில் தனி அறை இல்லை என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் போடுங்கள். தமிழில் பேசுங்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

வீட்டில் எத்தனை பேர், வயதானவர்கள் யார், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு. எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார், நாற்காலி இருக்கிறதா, கட்டிலா. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் உண்டா. பள்ளிகள் மூடி வகுப்புகள் செல்போனுக்குப் போனபோது, பல வீடுகளில் இருந்த ஒரே நல்ல போன் பகலில் தம்பியிடம் இருந்தது. கரண்ட் எப்போது போகும், எந்த நெட்வொர்க் எடுக்கும். கடைசியாக, வீட்டில் வேறு யாருக்கு வருமானம் இருக்கிறது. இந்தக் கடைசிக் கேள்வியை நேரடியாகக் கேட்கக் கூடாது. பேச்சு அங்கே போகும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். ஏன் இது முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு டீமில் நடந்தது இது. திருவூடல் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் வீடு. டெஸ்டிங் பார்க்கும் பெண். காலை ஒன்பதரை மணி ஸ்டாண்ட்-அப்புக்குச் சில நாள் வருவார், சில நாள் வர மாட்டார். வந்தாலும் மைக்கை அணைத்துவிட்டு “நத்திங் ஃபிரம் மை சைட்” என்று சாட்டில் எழுதிவிடுவார். மதிப்பீட்டில் இது ஒழுங்கின்மை என்று பதிவாக இருந்த நேரத்தில் லீட் அவரை அழைத்தார்.

“காலையில எதாவது பிரச்சினையாம்மா?”

“ஒண்ணும் இல்ல சார். இனிமே கரெக்டா வந்துர்றேன் சார்.”

“நான் திட்டறதுக்குக் கூப்பிடல. ஒம்பதரைக்கு வீட்ல என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“தண்ணி வர்ற டைம் சார். தினமும் வராது. வர்ற அன்னைக்குப் புடிச்சி வெச்சாதான் உண்டு. அம்மாவுக்கு முட்டி வலி, குடம் தூக்க முடியாது. அப்பா பூக்கடை மூடுனதுலருந்து வீட்லதான் இருக்காரு, ஆனா அவருக்கு ஆஞ்சியோ பண்ணிருக்கு.”

ஸ்டாண்ட்-அப் பதினோரு மணிக்கு மாறியது. அவ்வளவுதான் செலவு. அந்த டீமில் அதற்குப் பிறகு யாரும் ஸ்டாண்ட்-அப்பைத் தவறவிடவில்லை. காலை ஒன்பதரை மணி அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, வேறு மூன்று பேருக்கும் ஆகாத நேரமாக இருந்திருக்கிறது. கேட்கும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

இப்படித் தெரிந்துகொண்டதை உங்கள் நோட்டில் எழுதி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுப் படிவத்துக்கோ எக்செல் ஷீட்டுக்கோ போகக் கூடாது. ஒருவர் நம்பிச் சொன்ன வீட்டுக் கதை நான்கு பேருக்குத் தெரிந்துவிட்டால் அடுத்தவர் சொல்ல மாட்டார்.

கரண்டும் டவரும்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணைமின் நிலையவாரியாக மின்சாரம் நிறுத்தப்படுவது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. பெரும்பாலும் காலை ஒன்பதில் தொடங்கி மாலை வரை நீளும். முதல்நாளே செய்தித்தாளில் வந்துவிடும். யார் வீடு எந்தத் துணைமின் நிலையத்தின் கீழ் வருகிறது என்பதைக் கேட்டுக் காலண்டரில் குறித்து வைக்கும் டீமுக்கு இது திடீர் விபத்தாக வராது. ஒரே வேலையைத் தெரிந்த இருவர் ஒரே துணைமின் நிலையத்தின் கீழ் இருந்தால் மூன்றாவதாக ஒருவருக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுங்கள். பராமரிப்பு மாதக்கணக்கில் செய்யப்படாமல் விடப்பட்டதால் 2021 கோடையில் அடிக்கடி மின்தடை வந்தது. பிறகு மொத்தமாகப் பராமரிப்பு எடுத்தபோது வேறு நிறுத்தங்கள் சேர்ந்தன. இரண்டாம் அலையும் அப்போதுதான்.

இன்வெர்ட்டர் வாங்க நிறுவனம் பணம் கொடுக்க முன்வந்தால் கணக்கு இப்படிப் போடுங்கள். 150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் சேமிப்பது 1,800 வாட்-ஹவர். இன்வெர்ட்டரில் வீணாவது, பேட்டரியை அடிவரை இறக்கக் கூடாது என்பது எல்லாம் கழித்து 1,200 என்று வையுங்கள். லேப்டாப்புக்கு 60 வாட், வைஃபை பெட்டிக்கு 15, மின்விசிறிக்கு 75. மொத்தம் 150 வாட். எட்டு மணி நேரம் ஓடும். அதே இடத்தில் மேசைக் கம்ப்யூட்டரும் மானிட்டரும் வைத்தால் அவை மட்டும் 150 முதல் 200 வாட் வரை இழுத்து, நேரம் பாதியாகிவிடும். 2020இல் பெரிய நிறுவனங்கள் அலுவலகத்து மேசைக் கம்ப்யூட்டர்களை வண்டியில் ஏற்றி ஊழியர் வீடுகளுக்கு அனுப்பின. அவசரத்துக்கு அது சரி. கரண்ட் நிலையாக இல்லாத ஊருக்கு லேப்டாப்தான் அனுப்ப வேண்டும். பேட்டரி பழசாக ஆக எட்டு மணி ஐந்தாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தும் இணையம் அறுந்துபோகும் வீடுகள் உண்டு. தெருவுக்கு ஃபைபர் கொண்டுவரும் கேபிள்காரரின் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். அதன் பேட்டரி தீர்ந்தால் வீட்டில் விளக்கு எரிந்தும் பயனில்லை. எனவே இரண்டு வழி வேண்டும்: ஃபைபர் ஒன்று, வேறொரு கம்பெனியின் செல்போன் இணைப்பு ஒன்று. 2,668 அடி உயரத்துக்கு மலை நடுவில் நிற்கும் ஊரில் டவர் சிக்னல் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் விழாது. வேங்கிக்காலில் நன்றாக எடுக்கும் சிம்மை நம்பி அடி அண்ணாமலையில் இருப்பவருக்கும் அதையே வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த வீட்டில் எது எடுக்கிறது, மாடியில் எடுக்கிறதா, மழை நாளில் எடுக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இணைப்பு மெலிந்த நாளில் முதலில் அணைக்க வேண்டியது கேமரா. குரல் மட்டும் போக நொடிக்கு 100 கிலோபிட் போதும். வீடியோவுக்கு அதைப் போலப் பத்து மடங்கு வேண்டும். அன்றைய பிரீபெய்டு திட்டங்களில் நாளுக்குக் கிடைத்தது ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி. கேமராவை ஆன் செய்தே இருங்கள் என்று கட்டளையிட்ட மேனேஜர்கள் மதியத்துக்குள் அந்த டேட்டாவைத் தீர்த்துவிட்டு, மாலையில் கோடு ஏன் ரெப்போவுக்கு வரவில்லை என்று கேட்டார்கள். கேமரா வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓலைக் கூரையும், கொடியில் காயும் துணியும், பின்னால் படுத்திருக்கும் பாட்டியும் கிளையண்டின் திரையில் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கேமரா விருப்பம் என்று ஒரு வரியில் விதியாகவே எழுதிவிடுங்கள்.

பழுதான லேப்டாப்புக்கு மாற்று, ஊரடங்கு நாளில் கூரியரில் வராது. டீமில் மூன்று பேருக்கு மேல் ஒரே வட்டாரத்தில் இருந்தால், எல்லாம் நிறுவித் தயாராக வைத்த உபரி லேப்டாப் ஒன்று அவர்களில் ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

கிளையண்டின் அனுமதியும் பாதுகாப்பும்

மூடிய அறையில், செல்போனை வெளியே வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஓ.டி.சி. (ஆஃப்ஷோர் டெவலப்மெண்ட் சென்டர்) வேலைகள் நிறைய. அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போக ஒவ்வொரு கிளையண்டிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. முதல் வாரங்கள் பலருக்கும் இதிலேயே கழிந்தன. பி.பி.ஓ., கால் சென்டர்களுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் விதிகளே தடையாக இருந்தன. 2020 மார்ச்சில் தற்காலிகமாகத் தளர்த்தி, நவம்பர் 5ஆம் தேதி புதிய விதிகள் வெளியிட்டார்கள். அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, அரசு ஊரடங்கு அறிவித்தால் எந்த நிபந்தனைகளோடு வீட்டிலிருந்து வேலை தொடரலாம் என்ற பத்தியை முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

இந்த நிபந்தனைகளை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள், 2020 ஏப்ரல் 18 அன்று, சென்னையில் பெரும் ஊழியர் கூட்டத்தை வைத்திருக்கும் காக்னிசன்ட், மேஸ் என்ற ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானதாக அறிவித்தது. அந்தக் காலாண்டில் 5 கோடி முதல் 7 கோடி டாலர் வரை பாதிப்பு இருக்கும் என்று நிறுவனமே மதிப்பிட்டது. ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்க வைக்கும் ஏற்பாடுகளையும் அந்தத் தாக்குதல் தடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் முப்பது பேர் கம்பெனி எச்சரிக்கையாக இருந்தாக வேண்டும்.

சிறிய நிறுவனத்துக்குச் செலவில்லாத ஏற்பாடுகள் சில போதும். ஹார்ட் டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருக்கட்டும். தம்பி வகுப்புக்கு லேப்டாப்பை வாங்குவான் என்று தெரிந்தால் அதை மறைக்க வைக்காமல், வேலைக் கோப்புகளைத் தொட முடியாத தனி யூசர் கணக்கை நீங்களே போட்டுக் கொடுங்கள். பாஸ்வேர்டோடு போனுக்கு ஓ.டி.பி.யும் வரட்டும். ஒரு விண்ணப்பத்தை அச்செடுக்கப் பென்டிரைவோடு பிரவுசிங் சென்டருக்கு ஓடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. கிளையண்டின் கோப்பு இருக்கும் பென்டிரைவ் அந்தக் கடைக்குப் போகவே கூடாது.

விசைப்பலகையில் விரல் அசைகிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு மென்பொருளை நான் முழுமையாக எதிர்க்கிறேன். எழுதிய கோடு, மூடிய டிக்கெட், தீர்த்த புகார் எல்லாம் ஏற்கனவே கண்முன் இருக்கும் தொழில் இது. அதற்கு மேல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, தண்ணீர் பிடிக்க எழுந்தவரைத் திருடனாக்குவதில்தான் முடியும்.

ஒரே சம்பளத்தில் நிற்கும் வீடு

வீட்டில் வேறு யாருக்கு வருமானம் என்று கேட்கச் சொன்னதன் காரணம் இங்கே வருகிறது.

திருவண்ணாமலையின் பொருளாதாரம் பௌர்ணமியைச் சுற்றியது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இளநீர், பூ, கற்பூரம், டீ, இட்லிக் கடைகள், லாட்ஜ்கள், ஆட்டோக்கள், தேரடித் தெருவில் பாத்திரமும் பொம்மையும் விற்பவர்கள், செருப்பு பார்த்துக்கொள்பவர்கள். 2020 மார்ச்சில் கிரிவலத்துக்குத் தடை வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தத் தடை மாதாமாதம் நீண்டது. லட்சக்கணக்கானோர் கூடும் கார்த்திகை தீபம் 2020 நவம்பர் 29 அன்று வெளியூர்ப் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. தேரோட்டம் இல்லை. ஓர் ஆண்டின் வருமானத்தில் பெரும்பகுதியை தீபத் திருவிழாவின் பத்து நாளில் பார்க்கும் குடும்பங்களுக்கு அது என்ன ஆண்டு என்பதை வெளியூரில் இருக்கும் மேனேஜர் தானாக யூகிக்க முடியாது.

அந்த வீடுகளில் லேப்டாப் வைத்திருந்த பிள்ளையின் சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. பூக்கட்டும் அம்மா, ஆட்டோ ஓட்டும் அண்ணன், லாட்ஜில் வேலை பார்த்த மாமா எல்லோரும் அந்த ஒரு சம்பளத்தில் நின்றார்கள். அப்படிப்பட்டவர் எந்த வேலைக்கும் முடியாது என்று சொல்ல மாட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை கேட்டால் சரி என்பார். காய்ச்சல் இருந்தால் மறைப்பார். அவரை நல்ல ஊழியர் என்று பாராட்டி இன்னும் வேலையைக் கொடுக்கும் மேனேஜர், தெரியாமலே அவரை நசுக்குகிறார். டீமில் யார் ஒருபோதும் மறுப்பதில்லை என்று பாருங்கள். அவருடைய வேலைச் சுமையை நீங்களே குறையுங்கள்.

சம்பளத் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் பதினைந்து நாள் முன்பே சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைக்க நேர்ந்தால் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று கடிதத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன குறைப்பை வைத்துக்கொண்டு வீட்டு உரிமையாளரிடம் வாடகை பற்றிப் பேச முடியாது.

பணம் தொடர்பான அரசு அறிவிப்புகளை எளிய தமிழில் விளக்கி டீமுக்கு அனுப்புவதும் உங்கள் வேலைதான். 2020 மார்ச் இறுதியில் பி.எஃப். கணக்கிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டாத முன்பணம் எடுக்க அனுமதி வந்தது: மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது இருப்பில் 75 சதவீதம், எது குறைவோ அது. 2021 மே 31 முதல் இரண்டாம் முறையும் எடுக்க விட்டார்கள். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணைகளைத் தள்ளிப்போட அனுமதித்தது. பலர் இதைத் தள்ளுபடி என்று எண்ணிக்கொண்டார்கள். அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது. இதை ஒரு லீட் ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால், கட்ட வசதி இருந்தும் கட்டாமல் விட்டவர்கள் கட்டியிருப்பார்கள்.

நோய் வீட்டுக்குள் வந்தால்

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த வாரங்களில் எந்த டீமிலும் யாரோ ஒருவர் வீட்டில் காய்ச்சல் இருந்தது. ஆக்சிமீட்டரைக் கடையில் தேடிக் கிடைக்காத நாட்கள் அவை. முன்கூட்டியே வீட்டுக்கு ஒன்று வாங்கி அனுப்பியிருந்த நிறுவனங்கள் செய்த உதவியை ஊழியர்கள் இன்னும் மறக்கவில்லை. எண் 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும், 104, 108 எண்களையும் பெட்டியிலேயே எழுதி ஒட்டி அனுப்புங்கள். அருகில் எந்த மருத்துவமனை, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியா, வேலூருக்குப் போக வேண்டி வந்தால் வண்டி யாருடையது என்பதும் வீட்டுக் கணக்கில் இருக்கட்டும்.

டீமில் ஒருவருக்கோ அவர் வீட்டில் ஒருவருக்கோ தொற்று என்று தெரிந்த நிமிடமே அவர் பெயரில் உள்ள டிக்கெட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பாஸ்வேர்ட் என்ன, அந்த ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டு யாரும் அவருக்குப் போன் போடக் கூடாது. ஆக்சிஜன் படுக்கைக்கு அண்ணனோடு வரிசையில் நிற்பவரிடம் சர்வர் எப்படி ரீஸ்டார்ட் செய்வது என்று கேட்ட கதைகள் உண்டு. இதைத் தவிர்க்க ஒரே வழி, எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலேயே எழுதி வைப்பது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் யார் என்பது முடிவாகி, அந்த ஆள் மாதம் ஒருமுறை அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும். செய்து பார்க்காத குறிப்பை நம்ப முடியாது. முதல் ஆளின் மனதில் மட்டும் இருக்கும் நான்கு படிகள் எப்போதும் விட்டுப்போயிருக்கும்.

காய்ச்சல் விட்ட மறுநாள் ஒருவர் லாகின் செய்தால் மகிழ்ச்சியடையாதீர்கள். உடம்பு தேற வாரங்கள் ஆகும். படியேறினால் மூச்சு வாங்கும், ஒரு பக்கம் படித்தால் மறந்துபோகும். பாதி நேரம், இரவு ஆன்-கால் இல்லை, புரொடக்‌ஷனில் கை வைக்கும் வேலை இல்லை. ஒரு மாதத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

சாவு விழுந்த வீட்டுக்கு நீங்கள் போக முடியாத நிலையில், மெயிலில் இரங்கல் எழுதி நிறுத்தாதீர்கள். டீமில் அவருக்கு நெருக்கமான ஒருவர் தினமும் ஒருமுறை பேசட்டும். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வேலைப் பேச்சு வேண்டாம். அதற்குத் தனி விடுப்பு விதி இல்லையென்றால் விதியை உருவாக்குங்கள்.

ஊழியரையே இழக்க நேர்ந்தால் குடும்பத்துக்கு அலைச்சல் இல்லாமல் பணம் போய்ச் சேருவது மேனேஜரின் பொறுப்பு. பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 6 லட்சமாக இருந்த உச்சவரம்பை 2021 ஏப்ரலில் உயர்த்தினார்கள். ஊழியர் இதற்குப் பிரீமியம் எதுவும் கட்டுவதில்லை என்பதால் பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு நிறுவனம் கொடுக்கும் உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை என்று 2021 ஜூன் 25 அன்று அறிவிப்பு வந்தது. அரசு அப்போது கொடுத்த 50,000 ரூபாய் நிவாரணம் தனி. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, நாமினி பெயர் சரியாக இருப்பது. கல்யாணத்துக்கு முன்பு போட்ட நாமினியை மாற்றாதவர்கள், நாமினியே போடாதவர்கள் உங்கள் டீமிலும் இருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் ஒதுக்கி, எல்லோரையும் ஒரே அழைப்பில் வைத்துக்கொண்டு பி.எஃப். தளத்தில் இ-நாமினேஷனைச் செய்ய வையுங்கள்.

நேரம்

அமெரிக்கக் கிளையண்ட் விழிக்கும் நேரம் நமக்கு விளக்கு வைக்கும் நேரம். அலுவலகத்தில் இருந்தபோது கடைசி ஷிஃப்ட் கேப் வந்து நின்றால் வேலை முடிந்தது என்று பொருள். வீட்டில் அந்தக் கேப் வருவதில்லை. இரவு பத்தரைக்கு மேல் அனுப்பத் தோன்றும் செய்தியை மறுநாள் காலை போகும்படி ஷெட்யூல் செய்யுங்கள். பெண்களுக்கு மாலை அழைப்பும் இரவுச் சமையலும் ஒரே நேரத்தில் மோதும். வாரம் எத்தனை நாள் மாலை வேலை என்பதை அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

தீபத்தன்று ரிலீஸ் வைக்காதீர்கள். அதிகாலை நான்கு மணிக்குப் பரணி தீபம், மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் மகாதீபம். 2020இல் ஊர் வெறிச்சோடியிருந்தாலும், மாலை ஆறு மணிக்கு ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஆள் இருந்தது. அந்த நேரம் தன் ஊரில், தன் மாடியில் நிற்க முடிந்தது பல ஆண்டுகள் நகரத்தில் இருந்த பிள்ளைக்கு அந்தக் கொடிய ஆண்டு கொடுத்த ஒரே நல்லது. அதை ஒரு டெப்லாய்மெண்டுக்காகப் பறிக்க வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்தவர்கள்

அருணை, எஸ்.கே.பி. போன்ற உள்ளூர்ப் பொறியியல் கல்லூரிகளில் அந்த ஆண்டுகளில் முடித்தவர்கள் அலுவலகத்தையே பார்க்காமல் வேலையில் சேர்ந்தார்கள். சந்தேகம் கேட்கப் பக்கத்து இருக்கை இல்லை. ஆங்கிலத்தில் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சம். ஒவ்வொருவருக்கும் இரண்டு, மூன்று வருட அனுபவம் உள்ள ஒருவரை இணைத்து, தினமும் இருபது நிமிடம் போனில், தமிழில், திரையைப் பகிர்ந்து பேச வையுங்கள். பேச்சு தமிழில் இருக்கட்டும், டிக்கெட்டில் எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும். சொல்லிக்கொடுப்பவரின் நேரத்தை அவருடைய வேலைக் கணக்கில் சேருங்கள். இல்லையென்றால் இரண்டாவது வாரத்தில் அந்த இருபது நிமிடம் நின்றுவிடும்.

ஊரிலேயே ஓர் அறை

எவ்வளவு உதவினாலும் சில வீடுகளில் வேலை பார்க்கவே முடியாது. இரண்டு அறையில் ஏழு பேர் இருக்கும் வீட்டை எந்த இன்வெர்ட்டரும் அலுவலகமாக்காது. ஊரடங்கு தளர்ந்த பிறகு இவர்களுக்காக ஊரிலேயே ஓர் அறை எடுப்பது நல்ல வழி. ஸ்ரீதர் வேம்பு 2011இலேயே தென்காசிப் பக்கம் சோஹோவின் அலுவலகத்தைத் தொடங்கியிருந்தார். பெருந்தொற்றின்போது அந்த நிறுவனம் சிறு ஊர்களில் இன்னும் பல சிறிய அலுவலகங்களைத் திறந்தது. 2025க்குள் எந்த நேரத்திலும் கால்பங்கு ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020 ஏப்ரலில் சொன்ன டி.சி.எஸ்., பின்னர் எல்லோரையும் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டது. பெரிய நிறுவனங்கள் எந்தப் பக்கம் போனாலும், நான்கைந்து பேருக்கு ஓர் அறை என்பது சிறிய நிறுவனத்தின் கைக்கெட்டும் செலவுதான்.

திருவண்ணாமலையில் அந்த நாட்களில் காலியாகக் கிடந்தவை லாட்ஜ்கள். மாத வாடகைக்குக் கொடுக்க உரிமையாளர்கள் தயாராக இருந்தார்கள். அறை பார்க்கப் போகும்போது ஏ.சி. இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் உண்டா என்று பாருங்கள். கொரோனா காற்றில் பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாக எழுதவே 2021 ஆகிவிட்டது. மூடிய ஏ.சி. அறையைவிட ஜன்னல் திறந்த மாடி அறை மேல். மேசைகளை ஆறடி தள்ளிப் போடுங்கள். ஜெனரேட்டர் இணைப்பு அந்த அறையின் பிளக் பாயிண்ட் வரை வருகிறதா, வராந்தா விளக்கோடு நிற்கிறதா என்று மெயினை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். முகக்கவசம் கழற்றப்படும் நேரம் அதுதான். மொட்டை மாடி திறந்திருக்க ஏற்பாடு செய்யுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வரும் அன்று அறை பூட்டிக் கிடக்கும். இரண்டு சாவி வாங்குங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். 2022இல் கிரிவலம் மீண்டும் தொடங்கியதும் பௌர்ணமி இரவுக்கு லாட்ஜ் அறைகளின் தேவை பழையபடி ஏறிவிட்டது. பௌர்ணமியை ஒட்டிய இரண்டு நாள் அறையைத் திருப்பிக் கேட்காத உரிமையாளர் இருக்க மாட்டார். கேட்பதும் நியாயமே, இரண்டு வருடம் இழந்ததை அவர் அந்த இரவுகளில்தான் மீட்க வேண்டும். பௌர்ணமியும் அதன் மறுநாளும் அறையை ஒப்படைத்துவிடுகிறோம், மேசைகளைக் கீழ்த்தளக் கிடங்கில் வைத்துக்கொள்ள இடம் தர வேண்டும், வாடகையில் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் டீம் வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டும். தேதிகளை ஆண்டின் தொடக்கத்திலேயே பஞ்சாங்கத்தைப் பார்த்துக் காலண்டரில் போட்டு, கிளையண்டுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.